வேதமாணிக்கம் சாரின் திருமணநாள்

அடக்கம் பண்ணி மூன்றாவது ஞாயிறு, முதல் மணி அடித்து ஓய்வதற்குள்ளேயே வேதமாணிக்கம் சார் கோயிலுக்கு வந்து, பாடகர் வரிசையில் தம்முடைய பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்தச் சேதியை அவருடைய தங்கச்சி குளோரி தெருவெல்லாம் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னபோது, லீதியாள் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம் வரவில்லை, புருஷன் திரும்பி வந்துவிட்டாரே என்று ஒரு சொட்டுச் சந்தோஷம்கூட வரவில்லை, வந்ததெல்லாம் ஆத்திரம்.

"நிசமாத்தான் சொல்லுதேன் மதினி. அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டு. அதே வெள்ளை சாக்ஸ். காலுல செருப்பு இல்ல."

"அடக்கத்துக்கு யாருட்டி செருப்பு போட்டு விடுவா?" என்றாள் லீதியாள். "சரி, கல்லறைத் தோட்டத்துல இருந்து நம்ம வீடு எவ்வளவு தூரம்?"

"ஒரு கூப்பிடு தூரம்."

"கோயிலு?"

"அதுவும் அம்புட்டுத்தான்."

"ரெண்டும் ஒரே தூரம். உங்க அண்ணன் எந்தப் பக்கம் திரும்பியிருக்காவ பாத்தியா? செத்தும் புத்தி வரல."

பெத்தேல்விளை ஊர் தேரிச் செம்மணலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்கள் லேசில் பயப்படுகிறவர்கள் இல்லை, ஆனால் லேசில் எரிச்சல்படுகிறவர்கள். ஆகையால் அன்று காலை ஆராதனைக்கு வந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தரும் அலறவில்லை, ஒருத்தரும் மயங்கி விழவில்லை. தோளில் சிவப்பு மணலும், ஒரு மூக்குத் துவாரத்தில் எடுக்க மறந்த பஞ்சுமாக, மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, ஆண்கள் ஆண்கள் பக்கமும் பெண்கள் பெண்கள் பக்கமும் போய் உட்கார்ந்து, இன்றைக்கு ஆராதனை எத்தனை மணிக்கு முடியுமோ என்று கவலைப்பட்டார்கள். மணியடித்துக் கூட்டிப் பெருக்குகிற கோயில்குட்டி தாவீது மட்டும் வாய்க்குள்ளே முனகினான், ஏனென்றால் மேற்கு வாசலில் இருந்து பாடகர் வரிசை வரைக்கும் ஈர மணல் காலடி இருபத்திரண்டு இருந்தது, அத்தனையையும் பெருக்குகிற வேலை அவன் தலையில்தான் விழுந்தது.

முதல் பாட்டு தொடங்கியதும் எல்லா எரிச்சலும் கொஞ்சம் தணிந்தது. வேதமாணிக்கம் சாரைப் போல அடிக்குரல் பாட அந்தச் சேகரத்துச் சபைகள் எதிலும் இன்னொரு ஆள் கிடையாது. அவர் இல்லாத ரெண்டு ஞாயிறும் பாட்டு நொண்டியடித்துக்கொண்டு கிடந்தது. இப்போது அவர் வாயைத் திறந்ததும், மூச்சே இழுக்காமல், நெஞ்சே அசையாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தக் குரல் வந்து பாட்டைத் தாங்கிப் பிடித்தது, பாடகர் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்!

பாவம், மாட்டிக்கொண்டவர் சபைப் போதகர் ஐயர்தான். எட்டு மாதம் முன்னால் மாற்றலாகி வந்த சின்ன வயசுக்காரர், துக்க ஆராதனையில் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணி, சார் இந்நேரம் பரலோகப் பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார் என்று உறுதியாகச் சொல்லி ஊரையே அழ வைத்தவர். இப்போது அங்கி போட்டுக்கொண்டு உள்ளே வந்து பார்த்தால் ஆள் இங்கே பாடிக்கொண்டிருக்கிறார். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சரீரம் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் சபை முழுக்கத் தலையைத் திருப்பி சாரைப் பார்த்தது, சார் கிழக்கே பார்த்து நின்று அந்த வரியையும் மற்ற வரிகளைப் போலவே அமைதியாகச் சொல்லி முடித்தார், ஐயருக்குத்தான் நாக்குத் தடுமாறியது. ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் சார் எழுந்தார், புத்தகத்தை மூடி வைத்தார், மேற்கு வாசல் வழியாக வெளியே போய் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். பெண்கள் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்தார், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்தார், எழுந்து நில்லுங்கள் என்றால் நின்றார், உட்காருங்கள் என்றால் உட்கார்ந்தார், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென் சொன்னார். ஆராதனை முறையில் இருக்கிறதைத் தவிர ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. தங்கள் செத்துப்போன தகப்பனைப் பற்றி விசாரித்தவர்களுக்கும் பதில் இல்லை, பரலோகத்தில் கூட்டமா என்று கேட்டவர்களுக்கும் பதில் இல்லை.

கோயில் கமிட்டி கூடியது. செக்ரட்டரி பாக்கியநாதன் மூன்று மணி நேரம் எல்லாரையும் பேச விட்டு, மூன்று தீர்மானம் எழுதினார். மரித்தவர் ஆராதனைக்கு வரலாம், பாடலாம். திருவிருந்து கொடுப்பதைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் பதில் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். கமிட்டித் தேர்தலில் ஓட்டு கிடையாது. கடைசித் தீர்மானத்துக்குத்தான் நாற்காலி தூக்குகிற அளவுக்குச் சண்டை, ஏனென்றால் சார் இருபது வருஷமாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர், அந்தக் கட்சிக்காரர்கள் அவர் உயிரோடு இல்லாததை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏறியது, தாவீதுக்குப் புதுத் துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனது.

அடுத்த வேலை என்ன? லீதியாள்தான். மனுஷன் கோயிலுக்கு வருகிறார், வீட்டுக்கு வருவதில்லை. அப்படியென்றால் வீட்டில் ஏதோ சரியில்லை. ஐக்கிய சங்கத்துப் பெண்கள் காதோடு காதாகப் பேசியது போய், அவள் காதில் விழும்படியே பேசினார்கள். "தங்கமான மனுஷன், என்ன பாடு படுத்துனாளோ," என்றாள் ஒருத்தி. "சோத்துல உப்பு கூடுனாலும் வாய் திறக்க மாட்டாவ," என்றாள் இன்னொருத்தி. கூடப் பிறந்த பாசத்தில் குளோரியும் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "நீங்க ஒரு வார்த்தை அன்பா கூப்பிட்டா அண்ணன் வீட்டுக்கு வரமாட்டாவளா மதினி?"

"முப்பத்தாறு வருஷம் கூப்பிட்டேன்," என்றாள் லீதியாள். "தொண்டை தண்ணி வத்திப்போச்சு. நீ போய்க் கூப்பிடு."

தங்கமான மனுஷன்தான், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. குடி இல்லை, அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கோயில் வெளியிட்ட நூற்றாண்டு மலரில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். "திரு. வேதமாணிக்கம், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். விருப்பங்கள்: பாட்டு, பூப்பந்தாட்டம், ரோஜாச்செடி, சபைப்பணி. மனைவி: திருமதி லீதியாள்." மனைவி தனி வரியில் இருந்தாள், விருப்பங்களில் இல்லை. பாட்டும் கோயிலில், பூப்பந்தும் கோயில் மைதானத்தில், ரோஜாச்செடிகூட வீட்டு முற்றத்தில் ஒன்று கிடையாது, அத்தனையும் கோயில் சுவரோரம். ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி ஏழு நிறத்தில் பூக்க வைத்தார், பூத்ததெல்லாம் பீடத்துக்குப் போனது. லீதியாள் தலையில் ஒரு பூ வைத்துப் பார்த்ததில்லை.

அவளுக்கும் விசுவாசம் உண்டு. அது அடுப்படி விசுவாசம். அரிசி களையும்போது ஜெபிப்பாள், தேங்காய் துருவும்போது ஜெபிப்பாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி ஆண்டவரிடம் பேசுவாள், சில நாள் சண்டையும் போடுவாள், பதில் வரவில்லையென்றால் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் ஜெபம் பண்ணமாட்டாள். அப்படி ரெண்டு நாள் என்று தொடங்கி ரெண்டு வருஷம் வரைக்கும் போன கோபம் ஒன்று உண்டு.

முப்பத்தொரு வருஷம் முன்னால், குருத்தோலைப் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், கோயில் முழுக்க தென்னங்குருத்தால் தோரணம் முடைந்துகொண்டிருந்தார் சார். அந்த வேலையிலும் அவருக்கு ஈடு யாரும் கிடையாது. வீட்டில் நிறைமாசம் தாண்டியிருந்த லீதியாளுக்கு வலி கண்டது. ஆளனுப்பினாள். "இன்னும் நாலு தோரணம்தான், முடிச்சிட்டு வாரேன்," என்று பதில் வந்தது. மறுபடி ஆளனுப்பினாள். பீடத்துக்கு மட்டும்தான் பாக்கி என்று பதில் வந்தது. விடிந்து, பிள்ளைகளெல்லாம் ஓலை பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடித் தெருவில் போகும்போது பெண்பிள்ளை பிறந்தது, பெர்சிஸ் என்று பெயர் வைத்தாள், பிள்ளை தங்காது என்று தெரிந்து, தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்க மூன்றாவது தடவையாக ஆளனுப்பினாள், பவனி முடிந்து ஐயரையும் கூட்டிக்கொண்டு அவர் வருகிறபோது பிள்ளை போய்விட்டது. அவர் அழுதார், நாலு நாள் சாப்பிடவில்லை, பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாடினார். அதற்குப்பிறகு பெர்சிஸ் என்கிற பெயரை அந்த வீட்டில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

லீதியாளுக்கு வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றுகூட அவள் எதிர்பார்க்கவில்லை. அவளைத் தேடி அவர் ஒரே ஒரு தடவை வரவேண்டும்; அவளும் ஒருத்தி இருந்தாள், காத்துக் கிடந்தாள் என்று அவருக்குத் தெரியவேண்டும். உயிரோடு இருந்தபோது கிடைக்காததை விட்டுத் தொலைத்தாச்சு என்றுதான் பெட்டியை மூடும்போது நினைத்தாள். இப்போது மனுஷன் எழும்பி நடமாடிக்கொண்டிருந்தால் மனசு எப்படி விடும்?

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், எல்லாரும் பார்க்க, கல்லறைத் தோட்டத்துக் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"இங்க பாருங்க, எங்கூட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க," என்றாள்.

சார் நின்றார். அவளைச் சுற்றிக்கொண்டு, ரோஜாச்செடி மிதிபடாமல் ஓரமாகக் கால் வைத்து உள்ளே போய்விட்டார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரோஜாச்செடிகள் அத்தனையையும் பிடுங்கி எறிந்திருப்பாள், முள் குத்துமே என்றுதான் விட்டாள். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் உச்சுக்கொட்டியபடி கலைந்து போனார்கள்.

இந்த இடத்தில்தான் செக்ரட்டரி பாக்கியநாதன் செய்த காரியம் வருகிறது. பெத்தேல்விளையில் ஒரு வழக்கம்: அந்தந்த வாரத்தில் பிறந்தநாளும் திருமணநாளும் வருகிறவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள், அவர்கள் எழுந்து முன்னால் போய் பீடத்துக்கு எதிரே போட்டிருக்கிற மெத்தையில் முட்டி போடுவார்கள், புருஷன் பெண்டாட்டி என்றால் ஐயர் ஆளுக்கொரு கையைத் தலையில் வைத்து ஜெபம் பண்ணுவார். இந்தப் பெயர்ப் பட்டியலை பாக்கியநாதன் வருஷத்துக்கு ஒரு தடவை ஜனவரியில் டைப் அடிப்பார், செத்தவர்கள் பெயரை அடுத்த ஜனவரியில்தான் எடுப்பார். நடுவில் திருத்தச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஆகையால் செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறு, ஐயர் வேறு நினைப்பில் பட்டியலைக் கையில் எடுத்து, "வேதமாணிக்கம், லீதியாள் தம்பதியர், முப்பத்தேழாவது திருமணநாள்," என்று வாசித்தேவிட்டார். வாசித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

சொல்ல மறந்துவிட்டேன், உயிரோடு இருந்த முப்பத்தாறு வருஷமும் இந்த ஞாயிறு வரும்போது சார் எழுந்து போனதே இல்லை. முட்டி போட்டிருக்கிறவர்களுக்காகப் பாடுகிற பாட்டில் அவர் குரல் வேண்டுமே! "நான் எழும்பி வந்துட்டா அடிக்குரல் யாரு பாடுவா?" என்பார். கல்யாணமான புதிதில் லீதியாள் ரெண்டு வருஷம் தனியாகப் போய் முட்டி போட்டாள், பக்கத்தில் காலி மெத்தையை வைத்துக்கொண்டு, ஐயரின் ஒற்றைக் கைக்குக் கீழே. மூன்றாம் வருஷத்திலிருந்து போகவில்லை.

ஆனால் செத்தபிறகு அவர் ஆராதனையில் எது சொன்னாலும் அப்படியே செய்கிறவர் ஆயிற்றே. பெயர் வாசித்ததும் வேதமாணிக்கம் சார் புத்தகத்தை மூடினார், எழுந்தார், பாடகர் வரிசையை விட்டு இறங்கினார், ஈரச் சாக்ஸ் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிய நடந்துபோய் பீடத்துக்கு முன்னால் வலது மெத்தையில் முட்டி போட்டு, இடது மெத்தையைக் காலியாக விட்டுத் தலையைக் குனிந்தார். கோயிலே எழும்பி நின்று பெண்கள் பக்கம் பார்த்தது.

"போங்க மதினி," என்று குளோரி முழங்கையால் இடித்தாள். "அண்ணன் வந்துட்டாவ பாருங்க. போங்க!"

லீதியாள் எழுந்து போனாள். நடக்க நடக்க அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. முன்னால் போய் நின்றாள், முட்டி போடவில்லை. ஐயர் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார், ஒரு கை சாரின் தலையில் இருந்தது, இன்னொன்று சும்மா காற்றில் இருந்தது.

"பெர்சிஸ் பொறந்த அன்னைக்கு மூணு தடவை ஆளனுப்புனேன்," என்றாள் லீதியாள். சத்தம் போடவில்லை, ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது. "மூணு தடவை! தோரணம் முடியலன்னு சொன்னிய. இப்ப ஐயர் உங்க பேரை வாசிச்சதும் எழும்பி வாரியளே, அன்னைக்கு நான் கூப்பிட்டது காதுல விழலயா?"

அவள் கேட்டதற்கான பதில் ஆராதனை முறையில் எங்கேயும் அச்சடித்திருக்கவில்லை. ஆனால் சாரின் தோள் குலுங்கியது, தோளிலிருந்த மணல் சரசரவென்று மெத்தையில் உதிர்ந்தது. பிறகு, செத்த நாள் முதல் கிழக்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கழுத்து, மெள்ள மெள்ள இடது பக்கம் திரும்பி, காலியாகக் கிடந்த மெத்தையைப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது.

லீதியாளுக்கு முட்டி மடங்கப் பார்த்தது. அவள் அதை நிமிர்த்தினாள், திரும்பினாள், நடுவழியாக நடந்து தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா," என்றார் ஐயர், "ஜெபம் இன்னும் முடியல."

"முடியும்போது முடியட்டும் ஐயரே. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

ஐயர் ஒற்றைக் கையோடு ஜெபித்துப் பார்த்தார். ஆமென் சொன்னார், சபையும் சொன்னது. சார் சொல்லவில்லை, எழும்பவும் இல்லை. தம்பதிக்கான ஜெபம் பாதியில் எப்படி முடியும்? அவருக்கு முறை தெரியும். பாட்டு பாடினார்கள், காணிக்கை எடுத்தார்கள், ஆசீர்வாதம் கூறினார்கள், கதவைப் பூட்டினார்கள். அடுத்த ஞாயிறு திறந்தபோது அவர் அங்கேயே, அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார்.

இதற்கும் பெத்தேல்விளை பழகிவிட்டது. பிறந்தநாள்காரர்கள் அவருக்கு வலது பக்கம் தள்ளி முட்டி போட்டார்கள். இடது மெத்தையில் யாரும் கால் வைப்பதில்லை. தாவீது வாரத்துக்கு ஒரு தடவை அவரைச் சுற்றி மணல் பெருக்கினான். அடிக்குரல் இல்லாமல் பாட்டு மறுபடி நொண்டியடித்தது, அந்தக் கோபமெல்லாம் லீதியாள் மேல் திரும்பியது. பாடகர் குழு ஆள் மாற்றி ஆள் வந்து அவள் வாசலில் நின்றது. பாக்கியநாதன் வந்து, கிறிஸ்துமஸுக்குள்ளே இதை முடிக்கவேண்டும் என்று கமிட்டி சார்பாகக் கண்டித்துவிட்டுப் போனார். கல் நெஞ்சுக்காரி என்றது ஊர். ஐயர் தம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, மன்னிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். லீதியாள் காபி போட்டுக் கொடுத்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள்.

குளோரிதான் கடைசியாக வந்து அழுதாள். "ஒரு நிமிசம் மதினி. போய் முட்டி போட்டு எழும்பினா அண்ணன் போய்ச் சேர்ந்திருவாவ. அவ்வளவுதானே? உங்களுக்கு இன்னுமா கோவம் தீரல?"

"கோவம் தீந்துட்டு குளோரி," என்றாள் லீதியாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்காமலே அரிசியைக் களைந்தாள். "அன்னைக்கே தீந்துட்டு."

"பிறகு என்ன?"

லீதியாள் களைந்த அரிசியை உலையில் போட்டாள். ஞாயிறு காலையில் எழுந்து, தலை வாரி, சேலைக்கு ஊக்குக் குத்தி, கோயிலுக்குப் போய், அந்தக் குனிந்த முதுகும் காலி மெத்தையைப் பார்க்கிற அந்த முகமும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். முப்பத்தேழு வருஷத்தில் அந்த மனுஷன் அவளுக்காகக் காத்திருக்கிறது இதுதான் முதல் தடவை. அதை ஒரே ஒரு நிமிஷத்தில் முடித்துவிட அவளுக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?